மறைத்தவர் குற்றமா? கேட்டவர் குற்றமா?

பாரதக் கதையில் நம் மக்கள் மிகுதியும் கண்ணீர் விடுவது கர்ணனுக்காகவே. வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களில் 'கர்ண மோட்சம்' கூத்து விடியற்பொழுதை எட்டும்போது, கண் கலங்காத முதியவரைக் காண்பது அரிது. அந்தக் கர்ணன் வாழ்வில் ஒரு பொய் உண்டு. தன்னை அந்தணன் என்று சொல்லிக்கொண்டு பரசுராமரிடம் வில் வித்தை கற்றான். ஆசான் அவன் மடியில் தலை வைத்து உறங்கியபோது வண்டு ஒன்று தொடையைத் துளைத்தது. உறக்கம் கலைந்துவிடலாகாதே என்று அசையாதிருந்தான். குருதியின் ஈரம் பட்டு விழித்த ஆசான், இத்துணை வலியைப் பொறுப்பவன் அந்தணன் ஆகான் என்று தெளிந்து, கற்ற வித்தை உற்ற வேளையில் மறந்துபோகுமாறு சபித்தார்.

கூத்தைக் கண்டு அழும் நாம் ஒரு வினாவை மட்டும் எழுப்புவதில்லை. பொய் சொன்ன மாணவன் சாபம் பெற்றான். பொய் சொன்னாலன்றிக் கல்வி இல்லை என்று விதித்தவர் என்ன பெற்றார்?

இவ்வினாவையே இக்கட்டுரையின் பொருளாகக் கொள்கிறோம். பிறந்த இனத்தை மறைத்து, வேற்றினத்தாராகத் தம்மைக் காட்டி வாழ்வதை ஆங்கிலத்தில் 'பாசிங்' என்பர். அமெரிக்க நாட்டுக் கருப்பின மக்களின் வரலாற்றிலிருந்து பரவிய சொல் அது. வெளிர்நிறத் தோலுடன் பிறந்த ஒருவர், வெள்ளையர் என்று சொல்லிக்கொண்டு ஊர் மாறி, உறவு துறந்து, புது வாழ்வு தொடங்குவார். உண்மை வெளிப்பட்டால் 'ஏமாற்றுக்காரர்' என்பது ஊரார் தீர்ப்பு. அத்தீர்ப்பை நாம் மறுக்கிறோம். முதற் பொய் எல்லைக்கோட்டைக் கிழித்தவருடையது. மறைத்தவரின் பொய் அதற்குப் பின்னர் வந்தது. ஆயினும் மறைத்து வாழ்வதே வழி என்றும் நாம் சொல்ல வரவில்லை. அந்த வழி யாரை வருத்துகிறது, யாரைத் தொடாமல் விடுகிறது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். புலம்பெயர்ந்து பிற மொழி மாநிலங்களில் வாழும் நமக்கு அந்த எண்ணம் இன்றியமையாதது என்பதே நம் வழக்கு.

முதலில் அக்கோடு எத்தகையது என்று காண்போம். 1892-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு நகரில் ஹோமர் பிளெஸ்ஸி என்னும் செருப்புத் தைக்கும் தொழிலாளர் முதல் வகுப்புச் சீட்டு வாங்கி, வெள்ளையர்க்குரிய இரயில் பெட்டியில் ஏறி அமர்ந்தார். அவருடைய மூதாதையர் எண்மரில் ஒருவரே கருப்பினத்தவர். வாய் திறவாதிருந்தால் எவரும் ஐயுற்றிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் வாய் திறந்தார். 1890-இல் லூசியானா மாநிலம் இயற்றிய தனிப் பெட்டிச் சட்டத்தை எதிர்ப்பதற்காக அவ்வூர்க் குடிமக்கள் குழு ஒன்று வகுத்த திட்டம் அது. தாம் யார் என்பதைச் சொல்லி, பெட்டி மாற மறுத்து, அவர் சிறைப்பட்டார். 1896-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருவர் நீங்கலாக எழுவர் கருத்தால் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் அடிப்படை 1954-இல்தான் தகர்க்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டு சனவரியில் அம்மாநில ஆளுநர் பிளெஸ்ஸிக்கு மன்னிப்பு வழங்கினார். 130 ஆண்டுகள் கழிந்த பின்னும் மன்னிக்கப்பட வேண்டியவர் அவரே என்பது எத்துணை விந்தை! மன்னிப்பு வேண்டி நிற்க வேண்டியது மாநிலம் அன்றோ?

எண்மரில் ஒருவர் போதும் என்றது ஒரு மாநிலம். 1924-இல் வர்ஜீனியா மாநிலம் அதையும் கடந்தது. ஒரு துளி கருப்பினக் குருதி இருப்பினும் அவர் வெள்ளையர் அல்லர் என்று சட்டம் செய்தது. ஆனால் அச்சட்டத்திலேயே ஒரு விலக்கு இருந்தது. பதினாறில் ஒரு பங்கு அமெரிக்கப் பழங்குடிக் குருதி உடையவர் வெள்ளையராகவே கொள்ளப்படுவர்! ஏன்? அம்மாநிலத்துப் பெருங்குடியினர் சிலர் போகஹாண்டஸ் என்னும் பழங்குடித் தலைவர் மகளின் வழித்தோன்றல்கள் என்று பெருமை பேசி வந்தனர். விலக்கு இல்லையேல் சட்டம் செய்தவர்களின் உறவினரே கோட்டுக்கு வெளியே விழுந்திருப்பர். குருதித் தூய்மை என்பது கணக்கு எழுதுகிறவரின் வசதிக்கு ஏற்ப வளையும் கணக்கு என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

வேண்டும் எனில், நம் நாட்டுத் தலைப்பாகையே சான்று சொல்லும். 1947-ஆம் ஆண்டு ஜெஸ்ஸி ரூட்டே என்னும் கருப்பினப் பாதிரியார் நியூயார்க்கிலிருந்து அலபாமா மாநிலத்து மொபைல் நகருக்குச் சென்றார். முன்னொரு முறை சென்றபோது அவமதிப்பையே கண்டவர் அவர். இம்முறை தலைப்பாகை கட்டி, நீண்ட அங்கி அணிந்து, பேச்சின் ஓசையை மாற்றிக்கொண்டு சென்றார். அதே மனிதர், அதே தோல். சில முழத் துணி கூடியதும் மதிப்பு வந்துவிட்டது! வெள்ளையர் உணவகங்களில் அவருக்கு உணவு படைக்கப்பட்டது. ஊர் திரும்பிய பின் நடந்ததை அவரே செய்தித்தாள்களுக்குச் சொன்னார். இதில் ஏமாற்றியவர் யார்? தம் கண்ணைத் தாமே ஏமாற்றிக்கொண்டவர் யார்?

பாதிரியார் சில நாளே கட்டிய தலைப்பாகையை வாழ்நாள் முழுதும் கட்டியவர் ஒருவரும் உண்டு. செயின்ட் லூயி நகரில் 1921-இல் ஒரு கருப்பினப் பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர் ஜான் ரோலண்ட் ரெட். இசையில் வல்லவர், நிறத்தின் பொருட்டு வாயில்கள் அடைபட்டவர். முதலில் மெக்சிகோ நாட்டவர் போன்ற பெயர் ஒன்றைச் சூடிக்கொண்டார். பின்னர் 'கோர்லா பண்டிட்' ஆனார். புதுடில்லியில் பிராமணத் தந்தைக்கும் பிரெஞ்சுப் பாடகிக்கும் பிறந்தவர் என்று ஒரு வரலாறு கட்டப்பட்டது. நெற்றிக்கு மேல் மணி பதித்த தலைப்பாகையுடன் 1949 முதல் லாஸ் ஏஞ்சலிஸ் தொலைக்காட்சியில் ஆர்கன் இசைத்தார். அந்நிகழ்ச்சியில் அவர் ஒரு சொல்லும் பேசியதில்லை. கண்களால் மட்டும் காண்போரைப் பார்ப்பார். 1998-இல் அவர் மறைந்து, 2001-இல் ஓர் இதழ்க் கட்டுரை வெளிவந்த பின்னரே உலகம் உண்மையை அறிந்தது.

டில்லியில் வாழும் நம்மவர்க்கு இது நகைப்பைத் தரலாம். பிராமணர் அவ்வாறு தலைப்பாகை கட்டுவதில்லையே என்று குறை சொல்லவும் தோன்றும். ஆயினும் அந்த மனிதர் தம் பொய்க்குள் 'பிராமணர்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டதை எண்ணிப் பாருங்கள். கடல் கடந்த நாட்டிலும், புது வேடம் புனையும் ஒருவருக்கு, இந்தியர் என்பது மட்டும் போதவில்லை. மேற்குலத்து இந்தியர் என்றும் சொல்ல வேண்டியிருந்தது. நாம் ஏற்றுமதி செய்த பொருள்களுள் அதுவும் ஒன்று போலும்!

இனி, மறைத்து வாழ்வதன் விலையைக் காண்போம். 1911-இல் அன்றைய பம்பாயில் எஸ்டெல் மெர்ல் தாம்சன் என்னும் பெண் பிறந்தார். கலப்பினக் குடும்பம், தாய்வழியினர் இலங்கையிலிருந்து வந்தவர். வறுமையில் கல்கத்தாவில் வளர்ந்து, இங்கிலாந்து சென்று, மெர்ல் ஓபரான் என்ற பெயரில் திரை நடிகையாகி, ஆலிவுட்டை அடைந்தார். 1935-இல் வெளிவந்த படத்திற்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். அவர் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் பிறந்த வெள்ளையர் என்பதே படநிறுவனத்தார் பரப்பிய செய்தி. வேற்றினத்தார் இடையே காதலைக் காட்டலாகாது என்று அந்நாளைய திரைப்பட விதியே தடுத்த காலம் அது. உண்மையைச் சொல்லியிருந்தால் கதைத்தலைவியாக ஒரு படத்திலும் அவர் தோன்றியிருக்க இயலாது.

அவருடன் வாழ்ந்த சார்லட் என்னும் முதியவர்தாம் அவரை மகளாக வளர்த்தவர். உண்மையில் பாட்டி என்று பின்னர்த் தெரிய வந்தது. கருநிறம் கொண்ட அம்முதியவர் விருந்தினர் முன் வேலைக்காரியாகக் காட்டப்பட்டார் என்று எழுதுகின்றனர். 1937-இல் அவர் மறைந்த பின்னர், மெர்ல் அவருடைய உருவப்படத்தை ஓர் ஓவியரைக் கொண்டு தீட்டச் செய்தார். தோலின் நிறத்தை வெளுப்பாக்கித் தீட்டச் செய்தார். 1978-இல் டாஸ்மேனியாவின் தலைநகர் ஹோபார்ட் 'தன் மகளை' அழைத்து வரவேற்பு அளித்தது. பிறவாத ஊரின் பாராட்டை ஏற்கும் கொடுமைக்கு அவர் உள்ளானார். மறு ஆண்டே மறைந்தார். 1983-இல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்று நூலே பம்பாய்ப் பிறப்பை உலகுக்கு உரைத்தது.

பெற்றவளுக்கு நிகரானவளைப் பணிப்பெண் ஆக்கியது கொடுமை அன்றோ என்று நம் அன்பர்கள் கேட்பர். கொடுமையே. அதில் ஐயமில்லை. ஆனால் அக்கொடுமை எங்கே விழுந்தது என்று பாருங்கள். விதி செய்த படநிறுவனத்தார் ஒரு காசும் இழக்கவில்லை, அழகிய நடிகை கிடைத்தார், பணம் பெருகியது. கோட்டைக் காத்தவர் எவருக்கும் ஒரு நாள் உறக்கம் கெடவில்லை. அடுக்களையில் நின்ற முதியவரும், அவரை அங்கே நிறுத்திய பெண்ணுமே விலை கொடுத்தனர். மறைத்து வாழ்வதை நாம் வழியாகக் கொள்ள மறுப்பது இதனால்தான். மறைக்கும் ஒருவர் கோட்டைத் தாண்டும்போது கோடு அழிவதில்லை. அவர் விட்டுச் சென்றவர்களின் பக்கம் அது முன்போலவே நிற்கிறது. தாண்டியவரும் ஐயத்திற்கு இடமின்றி வாழ வேண்டி, நாளும் அக்கோட்டுக்கு வணக்கம் செலுத்துகிறார்.

சேர்த்துக்கொள்ளப்பட வேண்டும் என்னும் ஏக்கம் இதனினும் தாழ்ந்த வடிவம் கொள்வதும் உண்டு. அங்கே மறைத்தல் இல்லை, மன்றாடல் உண்டு. பகத் சிங் திண்ட் பஞ்சாபில் பிறந்தவர். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். வெள்ளையரும் ஆப்பிரிக்க வழியினருமே குடியுரிமை பெறலாம் என்ற சட்டம் அந்நாட்டில் இருந்த காலத்தில் அவர் வழக்காடினார். அவர் தரப்பில் எடுத்துவைக்கப்பட்ட வாதம் யாது? மேற்குலத்து இந்தியர் ஆரியர்; ஆகவே வெள்ளையர். இந்நாட்டுப் பழங்குடியினரை மேற்குலத்தார் தாழ்வாகக் கருதுவது, வெள்ளையர் நீக்ரோவைக் கருதுவது போன்றதே என்றும் எழுதிக் கொடுத்தனர். அஃதாவது, எங்களுக்கும் இகழத் தெரியும். ஆதலால் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே அதன் பொருள்.

1923-இல் நீதிமன்றம் ஒரே குரலில் மறுத்தது. பாமர மக்கள் வெள்ளையர் என்று எவரைக் கருதுகின்றனரோ அவரே வெள்ளையர் என்றது. முன்னரே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. அவருள் ஒருவரான சான் பிரான்சிஸ்கோ வணிகர் வைஷ்ணோ தாஸ் பகாய், நாடும் கடவுச்சீட்டும் அற்றவராகி 1928-இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். போர்வீரர் என்ற தகுதியால் திண்ட் 1936-இல் குடியுரிமை பெற்றார். குலப்பெருமை பெற்றுத் தராததைப் படைப் பணி பெற்றுத் தந்தது. அவர்பால் நமக்கு இரக்கம் உண்டு. அவர் தரப்பு வாதத்தின்பால் இல்லை. கீழே ஒருவரை மிதித்துக்கொண்டு மேலே ஏறக் கை நீட்டுகிறவருக்கு, மேலே இருப்பவரும் அதே நீதியைத்தான் வழங்குவர்.

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்பார்க்கு, நம் மண்ணின் கதை ஒன்று சொல்வோம். 1917-இல், நியூயார்க்கிலும் இலண்டனிலும் பயின்று திரும்பிய ஓர் இளைஞர், தம் படிப்புக்குப் பொருளுதவி செய்த பரோடா அரசில் பணியேற்கச் சென்றார். நகரில் அவருக்குத் தங்க இடமில்லை. இந்து விடுதியில் இடம் கிடையாது. பார்சி விடுதி ஒன்றில், காவலரின் இசைவுடன், பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார். பதினோராம் நாள் தடிகளுடன் ஒரு கூட்டம் வந்து அவர் அறை வாயிலில் நின்றது. நீ யார் என்று கேட்டது. உடனே வெளியேறு என்றது. நண்பர் இருவர் வீட்டை நாடினார், இருவரும் கைவிரித்தனர். பொதுப் பூங்காவில் அமர்ந்திருந்து, இரவு வண்டியில் பம்பாய் திரும்பினார். அவர்தாம் டாக்டர் அம்பேத்கர். இதைத் தம் நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார்.

அப்பதிவேட்டில் எழுதப்பட்ட பெயர் பொய்ப்பெயர்தான். அப்பெயரை எழுதியவரைக் குற்றவாளி என்று சொல்லத் துணிபவர் யார்? பிற்காலத்தில் நாட்டின் அரசமைப்புச் சட்டத்தை வரைந்த குழுவின் தலைவரான அவர், அச்சட்டத்தில் தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆம் பிரிவு இடம்பெற்றதைக் கண்டார். மறைத்தல் அவருக்குப் பதினொரு நாள் கூரையைத் தந்தது. வெளிப்பட நின்று போராடியதே கோடிக்கணக்கானவர்க்கு உரிமையைத் தந்தது. பிளெஸ்ஸி வாய் திறந்ததும் இதே காரணத்தால்தான்.

இனி நம் வீட்டு வாயிலுக்கு வருவோம். பிழைப்புத் தேடி வடக்கேயும் மேற்கேயும் வந்த தமிழ்க் குடும்பங்கள் மறைத்து வாழ்தலை அறியாதன அல்ல. 1960-களின் பிற்பகுதியில், அன்றைய பம்பாயில் தென்னிந்தியர்க்கு எதிரான முழக்கம் எழுந்தபோது, வேட்டியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவரும், மின்வண்டியில் தமிழ் பேசுவதற்குக் குரலைத் தாழ்த்தியவரும் நம்மவரே. இன்றும் பள்ளிக்கூடத்தில் தம் பெயரைச் சுருக்கி வடநாட்டு ஓசை வருமாறு சொல்லிக்கொள்ளும் பிள்ளைகள் நம் வீடுகளில் உண்டு. தாய் தமிழில் அழைத்தால் நண்பர் முன்னிலையில் இந்தியில் விடை சொல்லும் பிள்ளையை நாம் கடிந்துகொள்கிறோம். கடிந்துகொள்ளுமுன், அப்பிள்ளையின் கரிய நிறத்தையும் சொல்லோசையையும் எள்ளி நகையாடியவர் யார் என்று கேட்டோமா?

கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் அவ்வுரிமைக்கு ஒரு தகுதியும் வேண்டும். ஊரிலிருந்து புதிதாக வந்த தமிழ் இளைஞர் ஒருவர் வாடகைக்கு இடம் தேடி நம்மவர் வீட்டுப் படியேறுகிறார். பெயர் கேட்கிறோம். தந்தையின் முதலெழுத்தும் தம் பெயரும் சொல்கிறார். அதில் குலம் தெரியவில்லை. 'சொந்த ஊர் எது?' என்கிறோம். ஊரைச் சொல்கிறார். 'அங்கே எந்தத் தெரு?' என்கிறோம். அதற்கும் பிடி கொடுக்காவிட்டால், 'குலதெய்வம் எது? வீட்டில் சைவமா?' என்று வளைக்கிறோம். முடிவில், 'தவறாக நினைக்க வேண்டாம், நீங்கள் என்ன ஆட்கள்?' என்கிறோம். அவர் ஒரு நொடி தயங்குகிறார். அந்த நொடியில் நாம் பரோடா விடுதி வாயிலில் தடியுடன் நிற்கிறோம். கையில் தடி இல்லை என்பது ஒன்றே வேறுபாடு.

இத்தகைய வினாவைக் கேட்டுவிட்டு, மாலையில் சங்க விழா மேடையேறிக் கணியன் பூங்குன்றனாரின் புகழ்பெற்ற அடியை முழங்குவது நமக்குத் தகுமா? எல்லா ஊரும் நம் ஊரே என்று பிறரிடம் உரிமை கேட்கும் நாம், நம் கூடத்தை ஒரு தமிழனுக்கு அயலூர் ஆக்கலாமா? நம்மைச் 'சாலா மதராசி' என்பவனிடம் நாம் வேண்டும் நீதி எதுவோ, அதே நீதியை நம் படியேறி வருகிறவருக்கு வழங்க மறுப்பது திண்ட் தரப்பினர் செய்த வாதத்தினும் எவ்வகையில் உயர்ந்தது?

1929-ஆம் ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னே சாதிப் பட்டம் இடுவதைக் கைவிடுக என்று தீர்மானித்தது. அத்தீர்மானத்தின் நுட்பத்தை நாம் போதிய அளவு போற்றவில்லை என்பது நம் கருத்து. ஒருவர் மட்டும் பட்டத்தை மறைத்தால் ஊரார் ஐயுறுவர். உயர்ந்தவர் தாழ்ந்தவர் என்னாமல் எல்லோரும் துறந்தால், பட்டமின்மை எவரையும் காட்டிக்கொடுப்பதில்லை. மறைக்க வேண்டியவருக்கு மறைக்கத் தேவையில்லாதவர் தந்த துணை அது. அதனால் சாதி ஒழிந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. தெருப்பெயரும் குலதெய்வமும் கேட்கும் கலை அதன் பின்னரே வளர்ந்தது எனலாம். ஆயினும் வாயிற்கதவு ஒன்று அன்று திறக்கப்பட்டது. வடநாட்டு அலுவலகப் படிவங்களில் 'சர்நேம்' என்ற கட்டத்தில் தந்தை பெயரை எழுதிவிட்டு நாம் தலைநிமிர்ந்து நிற்பது அந்தத் திறப்பினால்தான். அக்கட்டத்தை நிரப்புவதற்காகத் தாத்தா துறந்த பட்டத்தைத் தேடியெடுத்துப் பேரனுக்குச் சூட்டும் வழக்கம் அங்கங்கே தலைகாட்டுகிறது. அதை நாம் கண்டிக்கிறோம்.

நாம் வேண்டுவன மூன்று. தமிழ்ச் சங்கங்கள் வீடு தேடுவோர்க்கும் வரன் தேடுவோர்க்கும் உதவும் இடங்களில், குலம் கேட்கும் அறிவிப்பு எதுவும் பலகையிலோ மலரிலோ இடம்பெறலாகாது. சங்கத்தாருள் வீடு வாடகைக்கு விடுவோர், ஊரும் தொழிலும் கேட்ட பின் மூன்றாவது வினாவைக் கேளாதிருத்தல் வேண்டும். நம் பிள்ளைகள் தம் பெயரையும் மொழியையும் நிறத்தையும் மறைக்க முயலும்போது அவர்களை வைவதை விடுத்து, அவர்களுடன் பள்ளிக்குச் சென்று, இழித்துரைத்தவரிடம் விளக்கம் கேட்டல் வேண்டும்.

மூன்றும் பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. ஆயினும் விழா எடுப்பதைக் காட்டிலும் கடினமானவை என்பதை அறிவோம். நாளை ஓர் இளைஞர் நம் படியில் நின்று தம் பெயரை மட்டும் சொல்லும்போது, அப்பெயரே போதும் என்று சாவியை எடுத்துக் கொடுப்போம். மறைக்க வேண்டிய தேவை அவருக்கு அந்த வீட்டிலேனும் இல்லாமற் போகட்டும்.